ஆடிட் நாள் பள்ளிக்கூடம்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பையன் இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறான். விழுந்தால் அடிபடக் கூடாது என்று கூடம் முழுக்க விரிக்கிற மாதிரி ஃபோம் மேட் ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தாள். ஒன்றோடொன்று பல் கோத்துக்கொள்ளும் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, ஒரு நிறம். கவரைக் கத்தரித்துப் பிரித்ததும் ஒரு வாசனை கிளம்பியது. புதிதாகத் திறந்த செருப்புக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த மாதிரி. குழந்தை சிரித்துக்கொண்டே எழுத்துகளின் மேல் எச்சில் ஒழுக விட்டது. நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

"ஏனக்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? டீ போடட்டுமா?" என்றாள் தங்கை.

"போடு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். டீ ஆறிப்போன பிறகுதான் இறங்கி வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கு அந்தக் கம்பெனியையும் தெரியாது, அந்தக் குழந்தையையும் தெரியாது என்பதால் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

அந்த வாசனைக்கு ஒரு அறை உண்டு. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி, அதன் முன்பக்கக் கட்டடத்தில், ஆபீசை ஒட்டி இருந்தது. வாசலில் 'குழந்தைகள் காப்பகம்' என்று தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் போர்டு, மூன்று மொழிக்கும் பொதுவாக ஒரு பலூன் படம். கம்பெனியில் எல்லாரும் அதை க்ரீச் என்பார்கள். உள்ளே இதே மாதிரி மேட், முன்னும் பின்னும் ஆடுகிற இரண்டு பொம்மைக் குதிரை, ஒரு சறுக்கு, சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும். நான் முதன்முதலில் பார்த்தபோது குதிரைகள் பிளாஸ்டிக் உறையைப் போட்டுக்கொண்டு நின்றன. புது சாமான் போலிருக்கிறது என்று நினைத்தேன். வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

நான் அப்போது சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதற்கான படிப்பை முடித்திருந்தேன். எங்கள் வீடு ராயபுரத்தில். தறி போட்ட குடும்பம். அப்பா காலத்தில் தறியை விட்டுவிட்டு பனியனுக்கு வந்தார்கள். சித்தப்பா டி-ஷர்ட்டுக்குக் காலர் பின்னுகிற மிஷின்கள் நான்கு வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்கு வேலை செய்துகொடுத்தார். கம்பெனியில் க்ரீச்சுக்கு டீச்சர் வேண்டும் என்று அவர் காதில் விழுந்தது, சஷ்டியன்று மலைக்குப் போய்விட்டு வந்த கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "நம்ம புள்ளைங்க. நல்லாப் பாத்துக்கோணும்" என்றார். குழந்தைகளை நான் பார்த்துக்கொள்வேன் என்றாரா, என்னைக் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாரா, தெரியவில்லை.

நான் போன வேகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். அட்டையில் வெட்டிய எழுத்துகள், கையில் மாட்டுகிற முயல் பொம்மை, பாட்டு எழுதிய சார்ட், இதெல்லாம் ஒரு பெரிய கட்டைப் பையில். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு க்ரீச் கதவில் பூட்டு தொங்கியது. ஹெச்.ஆர். அதிகாரி கார்த்திகேயன் சாரிடம் போய்ச் சாவி கேட்டேன்.

"அதுங்களா? அது ஆடிட்டுக்குத் தொறக்கறதுங்க மிஸ். அதுவரைக்கும் நீங்க இப்படி ஆபீஸ்ல உக்காந்துக்கங்க. ஐ.டி. கார்டு லேமினேஷன் நிறைய இருக்குதுங்க."

அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை சொல்லும்போது கெட்டவர் ஒருவர் இருந்தால் நமக்கு வசதி, பழியைத் தூக்கி அங்கே வைத்துவிடலாம். அவர் மரியாதையான மனிதர். ஆயாவைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார். லேமினேஷன் செய்தேன். கட்டைப் பை என் மேஜைக்கு அடியில் கிடந்தது, மத்தியானம் காலை அதன் மேல் வைத்துக்கொள்ளக் கொஞ்சம் வசதியாக இருந்தது.

ஆடிட் என்றால் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் தன் ஆட்களை அனுப்புவான். தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா, தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, எல்லாம் பார்ப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து கம்பெனிக்கே ஒரு களை வந்துவிடும். தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்பார்கள். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் வந்து உட்காரும். எல்லார் மூக்கிலும் மாஸ்க் ஏறும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீடு படுமே ஒரு பாடு, அது போலத்தான். அந்த வாரம் பினாயிலும் பெயிண்டும் கலந்த ஒரு நெடி கேன்டீன் ரசத்தில்கூட வரும்.

அந்த வாரத்தில்தான் க்ரீச்சையும் திறந்தார்கள். குதிரைகளின் உறையைக் கழற்றி ஆயா ஜெயராணி அக்கா பத்திரமாக மடித்து பீரோவின் மேல் வைத்தார். அவர் தூத்துக்குடிப் பக்கம். கணவர் டையிங்கில், அதாவது சாயப் பட்டறையில், வேலை செய்தார். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய செயின், இடுப்பில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி. மேட்டை நாங்கள் இருவரும் உட்கார்ந்து கோத்தோம். உறையிலேயே கிடந்ததால் அதன் புது வாசனை போகவே இல்லை.

"பிள்ளைங்களுக்கு என்னக்கா பண்றது?" என்று கேட்டேன்.

"பொறத்தால லைன் வீட்டுல கெடக்குல்லா, கூட்டியாந்துருவோம் டீச்சர்" என்றார்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரே சுவரில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். எல்லாம் கம்பெனி ஆட்கள்தான். கணவனும் மனைவியும் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் பெரிய குழந்தை சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ள யாரும் இல்லாவிட்டால் அறைக்குள் விட்டு, டி.வி.யைப் போட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் கொடுக்கப் பக்கத்து வீட்டில் சொல்லிவைப்பார்கள். நான் பார்க்கும்வரை இதை நம்பியிருக்க மாட்டேன். ஜெயராணி அக்கா ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தபோது அவர் பின்னால் ஒரு டஜன் குழந்தைகள் நின்றன.

பீகார், ஒடிசா, அசாம். தேனிப் பக்கம் இரண்டு. கேன்டீனில் சமைக்கிற குண்டடத்துக்காரரின் மகன் ஒருவன். முயல் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, "எல்லாரும் வட்டமா உக்காருங்க பாக்கலாம்" என்றேன். குண்டடத்துப் பையன் மட்டும் உட்கார்ந்தான். மற்றவர்கள் குதிரைக்குச் சண்டை போட்டார்கள். அசாம் குழந்தை முயலைப் பார்த்து அழுதது. படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றுகூட அன்று உதவவில்லை. மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது.

ஆனால் குழந்தைகள் நம்மைக் காப்பாற்றிவிடும். இரண்டாம் நாள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட பீகார்ப் பையன் 'பானி' என்றான். அசாம் குழந்தையும் 'பானி' என்றது. ஒடிசாப் பெண் 'பாணி' என்றாள். தமிழ்க் குழந்தைகள் மட்டும் தனிக்கட்சி. அதையே விளையாட்டாக்கினேன். டம்ளரைத் தூக்கிக் காட்டினால் அவரவர் மொழியில் கத்த வேண்டும், அப்புறம் மற்றவர் மொழியில் கத்த வேண்டும். தேனிக் குழந்தை 'பாணி' என்று கத்த, ஒடிசாப் பெண் 'தண்ணி' என்று கத்த, அறை அதிர்ந்தது. நூல் தீர்ந்த கோன்களைக் கோபுரமாக அடுக்கினோம். கட்டிங் வேஸ்டில் வருகிற பனியன் துண்டுகளைச் சுருட்டிப் பொம்மை செய்தோம். மிஷின் ஓடுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், அம்மா அங்கே இருக்கிறாள் என்று அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்த நாட்கள் குறைவு.

அந்த ஒடிசாப் பெண்ணின் பெயர் லிப்சா. ஐந்து வயது இருக்கும். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அதை நாக்கால் தள்ளிக்கொண்டே எதையும் உற்றுப் பார்ப்பாள். அவள் ஊரில் டீச்சரம்மாவை 'குருமா' என்று கூப்பிடுவார்களாம். அவள் கூப்பிட்டதைக் கேட்டுத் தேனிக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன, மறுநாளிலிருந்து எல்லாருக்கும் நான் குருமாதான். கார்த்திகேயன் சார்கூட ஒருமுறை, "குருமா மிஸ், ஒரு நிமிஷங்க" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் கூப்பிட்டது பாடத்துக்காக. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் குழந்தைகளிடமும் பேசுவார்களாம். போன தடவை ஒரு குழந்தை, இன்னைக்குத்தான் வந்தேன் என்று சொல்லி வைத்து, பெரிய தலைவலி ஆகிவிட்டதாம்.

"தினமும் வருவோம்னு சொல்லணுங்க மிஸ். அவ்வளவுதான். யாரு கேட்டாலும், எந்த பாஷைல கேட்டாலும், தினமும் வருவோம். சொல்லிக்கொடுத்துப் போடுங்க."

"சரிங்க சார்" என்றேன். மறுத்துப் பேசவேண்டும் என்று தோன்றவே இல்லை. வேலைக்குச் சேர்ந்தபின் முதன்முதலாக எனக்கு ஒரு பாடம் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாத இடம். கிளிப்பிள்ளை மாதிரி 'தினமும் வருவோம்' என்று பத்து தடவை சொல்லவைத்திருந்தால் அவர்கள் அர்த்தம் தெரியாமலே ஒப்பித்திருப்பார்கள், ஆடிட் முடிந்ததும் மறந்திருப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. நான் நல்ல டீச்சர் இல்லையா? புரியாமல் ஒப்பிக்கவைப்பது பாவம் என்று படித்தவள். ஆகவே 'தினமும்' என்றால் என்ன என்று புரியவைக்க உட்கார்ந்தேன்.

ராத்திரி ஒன்று யோசித்து வைத்தேன். போர்டில் ஒரு சூரியன், ஒரு நிலா, மறுபடி சூரியன், மறுபடி நிலா. நிலாவைத் தொட்டால் ஜெயராணி அக்கா லைட்டை அணைப்பார், எல்லாரும் மேட்டில் படுத்துத் தூங்க வேண்டும். சூரியனைத் தொட்டால் லைட் எரியும், எழுந்து வெளியே ஓடி, கதவைத் தட்டி, உள்ளே வர வேண்டும். தூங்கு, எழுந்திரு, வா. தூங்கு, எழுந்திரு, வா. கதவைத் திறந்து ஒவ்வொரு குழந்தையையும் நான் கட்டிக்கொள்வேன். "எப்ப வருவோம்?" "தினமும் வருவோம்!" போர்டின் ஓரம் வரைக்கும் சூரியனும் நிலாவும் வரைந்தேன். ஓரம் வந்ததும் லிப்சா ஓடிவந்து சுவரைக் காட்டினாள். அதிலும் வரையச் சொன்னாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மொழியே இல்லாமல் ஒரு கருத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோமே என்ற பெருமை. அன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டில் போய் நடித்துக்கூடக் காட்டினேன்.

ஆடிட் நாளில் வந்தவர் நரைத்த முடி வைத்த ஒரு உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. மொழிபெயர்க்க பெங்களூரிலிருந்து ஒருவர். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார், கார்த்திகேயன் சார் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சறுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்கள் எப்போதெல்லாம் இங்கே வருவீர்கள்?" என்று கேட்டார் அந்த அம்மா. பெங்களூர்க்காரர் இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் லிப்சா எழுந்துவிட்டாள். படுத்தாள், கண்ணை மூடினாள், எழுந்தாள், கதவுவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். "தினமும் வருவோம்" என்று தமிழில் சொன்னாள். எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து சொன்னார்கள். அந்த அம்மா கைதட்டினார். நானும் தட்டினேன்.

சாயங்காலம் அவர்கள் கேன்டீனில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது லிப்சாவைக் கூட்டிப்போக அவள் அம்மா வந்தாள். ரஸ்மிதா. செக்கிங்கில் வேலை. தைத்து வந்த பீசில் ஓட்டை இருக்கிறதா, நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. சூப்பர்வைசர் போடுகிற சத்தத்தில் கற்றுக்கொண்ட தமிழ்தான் அவளுக்குத் தெரியும். 'டேமேஜ்', 'சீக்கிரம்', 'ஏன் லேட்டு' என்பதற்கு மேல் தாண்டாது. அன்று என்னிடம் நிறையப் பேச வேண்டியிருந்தது. ஜெயராணி அக்காவைப் பிடித்துக்கொண்டாள். லைன் வீட்டில் ஐந்து வருடம் குடியிருந்து அக்கா இந்தியை ஒரு மாதிரி சமாளிப்பார்.

"இவ ஊர்க்காரங்க இந்த வாரம் ஊருக்குப் போறாவளாம் டீச்சர். பிள்ளைய அவங்க கூட அனுப்பி மாமியா வீட்டுல விட்டுரலாம்னு இருந்தாளாம். ரூமுக்குள்ள பூட்டி வச்சி பிள்ள பாவம்னு அழுதா. இப்ப பிள்ள வந்து, இங்க ஸ்கூலு, தெனமும் உண்டுன்னு சொல்லுதாம். நெசமான்னு கேக்கா. நெசம்னா அனுப்பலயாம், தன்கூடயே வச்சிக்கிடுவாளாம்."

ரஸ்மிதா என் முகத்தையே பார்த்தாள். லிப்சா அவளுடைய கம்பெனி ஓவர்கோட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில் கார்த்திகேயன் சார் நின்றிருந்தார். ஆடிட் வண்டி கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்று காலையில் எங்களை வரிசையாக நிறுத்திச் சொல்லியிருந்தார்.

"ஆமாங்க" என்றேன். "இருக்கும்."

ஜெயராணி அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அதை இந்தியில் சொன்னார். ரஸ்மிதா என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வண்டி கேட்டைத் தாண்ட இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அதற்குப் பிறகு லைன் வீட்டுக்கு நடந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். இத்தனை நன்றாக நடந்த க்ரீச்சைத் தொடர்ந்து நடத்தாமலா போவார்கள் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை நான் வந்தபோது லிப்சா மெயின் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கண்ணுக்கு மை, தோளில் தண்ணீர் பாட்டில். வாட்ச்மேன் பெரியவர் தன் ஸ்டூலை அவளுக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"எட்டு மணிக்கே வந்துருச்சுங்க மிஸ். போ கண்ணுன்னா போகமாட்டீங்குது."

லிப்சா என்னைப் பார்த்ததும் குதித்து இறங்கினாள். "குருமா! சோயிலி, உட்டிலி, ஆசிலி" என்றாள். கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள், கண்ணைத் திறந்து காட்டினாள், காலடியில் மண்ணைக் காட்டினாள். தூங்கினேன், எழுந்தேன், வந்துவிட்டேன்.

உள்ளே க்ரீச்சில் பூட்டு தொங்கியது. குதிரைகள் உறைக்குள் போய்விட்டன. கார்த்திகேயன் சாரிடம் போனேன். பக்கவாட்டில் நின்று, அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டேன். தினமும் கொஞ்ச நேரமாவது திறக்க முடியுமாங்க சார் என்று.

"அது ஆவாதுங்க மிஸ். ஒரு புள்ள விழுந்து கையை ஒடிச்சா யாருங்க பதில் சொல்றது? பொம்மையெல்லாம் உடைச்சுப்போட்டா அடுத்த ஆடிட்டுக்கு என்னத்தைங்க காட்டறது? நீங்க நல்லாப் பண்ணுனீங்க, எம்.டி.யே கேட்டாருங்க, யாரு அந்த டீச்சர்னு."

அந்தப் பாராட்டுக்கு நான் சிரித்தேன். சித்தப்பாவின் காலர் ஆர்டர் கார்த்திகேயன் சார் கையில் இருக்கிறது என்று அன்று முழுக்க எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் அந்த ஆர்டருக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அது வேறு டிபார்ட்மென்ட். எனக்கும் அது தெரியும்.

வெளியே வந்து லிப்சாவிடம், "இன்னைக்கு இல்ல கண்ணு. நாளைக்கு" என்றேன். 'நாளைக்கு' அவளுக்குப் புரியவில்லை. பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது. குனிந்து, தரையில் விரலால் ஒரு நிலா வரைந்து, பக்கத்தில் ஒரு சூரியன் வரைந்தேன். அவள் தலையாட்டிவிட்டு ஜெயராணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மற்ற குழந்தைகளும் ஓரிரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள், அவர்களுக்குப் பாடம் அவ்வளவு ஆழமாக ஏறவில்லை போலிருக்கிறது. இவள் விடவில்லை. முதல் சில நாள் டீ நேரத்தில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், இரண்டு கோன் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் அதுவும் முடியவில்லை. நான் வருவதை அவள் தூரத்திலேயே பார்த்து எழுந்து நிற்பாள், அந்த எழுந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. கம்பெனிக்குப் பின்பக்கம் லாரிகள் வருகிற கேட் ஒன்று உண்டு. ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி, அந்த வழியாக வர ஆரம்பித்தேன்.

"பின்னால வந்தா வெயில் இல்லைங்க" என்று ஆபீசில் கேட்டவர்களிடம் சொன்னேன். ஒரு மரம்கூட இல்லாத பாதை அது.

அவள் ஊர்க்காரர்கள் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள். பின்கேட்டுக்கு வருகிற பாதை லைன் வீடுகளை ஒட்டித்தான் போகும். பார்க்க வேண்டாம் என்று சுற்றி வந்தவளுக்குக் கேட்கிறதும் சேர்ந்துகொண்டது. சில நாள் கழித்து ஒரு காலையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் டி.வி. ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த வீடு ரஸ்மிதாவுடையது என்று எனக்குத் தெரியும். நீலக் கதவு. ஜன்னல் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். ஜன்னல் இருக்கிற பக்கமாக நான் ஒருநாளும் நடக்கவில்லை.

ஆனி பிறக்கிற சமயத்தில் அவர்கள் ஊரில் ஊஞ்சல் கட்டி ஆடுகிற பண்டிகை ஒன்று வருமாம். அதற்கு ஊருக்குப் போன ஒரு குடும்பத்தோடு ரஸ்மிதா லிப்சாவை அனுப்பிவிட்டாள் என்று ஜெயராணி அக்கா சொன்னார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மறைத்து என்ன? அன்று முன்கேட் வழியாக வந்தேன்.

நாலைந்து நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரஸ்மிதா கேன்டீன் வாசலில் என்னை மறித்தாள். கூட ஜெயராணி அக்காவைக் கூட்டி வந்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், நாலு பேர் முன்னால் நன்றாகத் திட்டட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் கோபமாக இல்லை. ஷிஃப்டில் கண் களைத்துப்போயிருந்தது. மெதுவாக ஏதோ சொன்னாள். ஜெயராணி அக்கா கேட்டுக்கொண்டார். துடைக்கிற துணியால் தன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ள அங்க போயும் ஸ்கூலு ஸ்கூலுங்காளாம் டீச்சர். அதுனால... அடுத்த ஆடிட்டு என்னைக்குன்னு கொஞ்சம் முன்னாலயே சொல்லுவியளான்னு கேக்கா. அன்னைக்குத் தொறப்பாங்கல்லா. டிக்கட்டு போடணுமாம். கூட்டியாந்து அன்னைக்கு ஒரு நா உள்ள உக்கார வச்சிட்டு, திரும்பக் கொண்டு விட்டுருவாளாம்."

ரயிலும் பஸ்ஸுமாகப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். நான் சரி என்று தலையாட்டினேன். ரஸ்மிதா போனில் என் நம்பரை வாங்கி, எனக்கு ஒரு மிஸ்டுகால் கொடுத்து, வந்துவிட்டதா என்று என் போனை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

தீபாவளிக்குப் பிறகு அடுத்த ஆடிட் வந்தது. தேதி எனக்கு நன்றாக முன்னாலேயே தெரியும். அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பல தடவை உட்கார்ந்தேன். அவ்வளவு தூரம் வந்து ஒரு நாள் விளையாடிவிட்டு மறுபடி பூட்டைப் பார்த்தால் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்று யோசித்ததால் சொல்லவில்லை என்று கொஞ்ச காலம் நம்பினேன். இரக்கம்தான் என்று. ஆனால் லிப்சா உள்ளே நுழைந்து என்னைப் பார்க்கிற அந்த முதல் பார்வைக்குப் பயந்துதான் சொல்லாமல் இருந்தேன். ஆடிட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வேலையை விட்டுவிட்டேன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதைக் காரணமாகச் சொல்ல வசதியாக இருந்தது. எனக்குப் பதில் வந்த பெண்ணுக்கு கார்த்திகேயன் சார் சூரியன் நிலா விளையாட்டைச் சொல்லித்தரச் சொன்னார். சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ரஸ்மிதா கூப்பிட்டாள். ஆடிட் முடிந்த மறுநாள். கம்பெனியில் ஆடிட் நடந்தது அவளுக்குத் தெரியாமலா இருக்கும், மாஸ்க் கொடுத்திருப்பார்கள். நான் போனை எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடுவாள், அப்போது எடுத்துப் பேசிவிடலாம் என்று நினைத்தேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை.

இப்போது பெருமாநல்லூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் வேறு மொழி. நல்ல டீச்சர் என்றுதான் பேர். குழந்தைகள் எதைக் கேட்டாலும், "பாக்கலாம் கண்ணு" என்பேன். 'பாக்கலாம் மிஸ்' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். 'நாளைக்கு' என்ற வார்த்தையைப் பாடத்தில் வந்தால் ஒழிய நான் சொல்வதில்லை.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. இரண்டு முதலாளிகள் மாறி, கடைசியில் பார்சல் கம்பெனிக்குக் குடோனாக விட்டுவிட்டார்கள். க்ரீச் இருந்த இடத்தில் சுவரை இடித்து ஷட்டர் போட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜெயராணி அக்கா ஊரோடு போய்விட்டார். லைன் வீடுகளும் இல்லை, அங்கே கல் நட்டு பிளாட் போட்டிருக்கிறார்கள். நான் பார்க்கிற கம்பெனிகளில் இப்போது தனி ஆட்களைத்தான் எடுக்கிறார்கள், பெண்களுக்கு ஹாஸ்டல், பையன்களுக்கு ஹாஸ்டல். குழந்தையோடு வருகிற குடும்பங்கள் குறைந்துவிட்டன. சாயங்காலம் லைன் வீட்டுச் சந்தில் ஐந்து மொழியில் அம்மாக்கள் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம் இருக்குமே, அது அந்தப் பக்கம் எங்கேயும் கேட்பதில்லை.

லிப்சாவுக்கு இப்போது வேலைக்கு வருகிற வயது. பெருமாநல்லூர் பஸ் ஸ்டாப்பில் சாயங்காலம் கம்பெனி வேன்கள் வந்து நின்று ஒடிசாப் பெண்களை இறக்கிவிடும். பத்து இருபது பேராக, கழுத்தில் கார்டு தொங்க, சிரித்துப் பேசிக்கொண்டு இறங்குவார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். தேடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் எவளாவது ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், வந்து நிற்கிற பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிடுகிறேன்.